எலி வேட்டைக்கு லர்ச்சர் வாங்கலாமா, சிப்பிப்பாறையே போதுமா?

வாசகர் கேள்வி: வணக்கம் டாக்டர் ஐயா. தொண்டிக்குத் தெற்கே கடலோரக் கிராமம் எங்களுடையது. நாலு ஏக்கர் மானாவாரி நெல், சின்னதாக ஒரு தென்னந்தோப்பு, ஒரு கருவாட்டுக் கொட்டகை இருக்கின்றன. மூன்றிலும் எலித் தொல்லை. இரண்டரை வயதில் சிப்பிப்பாறை ஆண் நாய் ஒன்றும், ஐந்து மாதக் கன்னி இன நாய்க்குட்டி ஒன்றும் வளர்க்கிறேன். இங்கிலாந்தில் லர்ச்சர் என்ற நாய்களை வைத்து ஒரே காலையில் எலிகளைக் குவிக்கும் வீடியோக்களை மச்சான் அனுப்பியிருக்கிறார். அந்த நாயை வாங்கலாமா, இருப்பதையே பழக்கலாமா? முதலில் முயலை விரட்டவிட்டுப் பழக்கினால் வேகம் வரும் என்று ஊரில் சொல்கிறார்கள். தோப்பிலும் கொட்டகையிலும் போன வாரம் எலி மருந்து வைத்திருக்கிறோம்.

பதில்: கடைசியாக, போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த மருந்து விஷயத்தைத்தான் முதலில் பேச வேண்டும். மருந்து இருக்கிறவரை நாயை எலிப் பக்கமே விடாதீர்கள். தெம்பான எலி வளைக்குள் பாய்ந்துவிடும். மருந்து தின்ற எலிதான் பட்டப்பகலில் தள்ளாடிக்கொண்டு வெளியே வரும். ஆகவே உங்கள் நாய் சுலபமாகக் கவ்வுவது அதைத்தான்.

பொட்டலத்தை எடுத்து எந்த மருந்து என்று பாருங்கள். கட்டியாக, கேக் போல விற்பது பெரும்பாலும் 0.005 சதவீத புரோமடையலோன். இது ரத்தம் உறைவதைத் தடுக்கும். தின்ற எலி உடனே சாகாது, மூன்று முதல் ஏழு நாள் நடமாடும். அதன் ஈரலில் மருந்து தங்கியிருக்கும். அப்படிப்பட்ட எலிகளைத் தொடர்ந்து தின்னும் நாய்க்கு மருந்து சேர்ந்துகொண்டே போய், மூன்று முதல் ஐந்து நாள் கழித்து ஈறு வெளுக்கும், சோர்வு வரும், இருமல் வரும், மூக்கிலோ மலத்திலோ ரத்தம் தெரியும். இதற்கு முறிவு மருந்து உண்டு: வைட்டமின் கே1. மூன்று நான்கு வாரம் விடாமல் கொடுக்க வேண்டும். நாய் எழுந்து நடந்துவிட்டதே என்று ஒரு வாரத்தில் நிறுத்தினால் மறுபடியும் ரத்தக்கசிவு தொடங்கும். கடையில் கே1 இல்லை என்று கே3 கொடுத்தால் வாங்காதீர்கள், இந்த விஷத்துக்கு அது உதவாது.

கறுப்புத் தூளாகக் கிடைப்பது சிங்க் பாஸ்பைடு. அது வேறு வகைக் கொடுமை. வயிற்று அமிலம் பட்டதும் பாஸ்பீன் வாயுவாக மாறும். சில மணி நேரத்தில் நாய் வாந்தி எடுத்து, துடித்து, மூச்சுத் திணறும். முறிவு மருந்து கிடையாது. வாந்தியில் பூண்டு அல்லது அழுகிய மீன் வாடை வரும் என்பார்கள். கருவாட்டுக் கொட்டகையில் அந்த அடையாளத்தை நம்ப முடியாது. நாய்க்குச் சோறு, பால் எதுவும் கொடுக்காதீர்கள். வயிற்றில் உணவு விழுந்தால் அமிலம் கூடி வாயுவும் கூடும். வாந்தி எடுத்த நாயை ஆட்டோவில் கொண்டுபோனால் இருபக்கமும் திறந்திருக்கட்டும், அந்த வாயு மனிதருக்கும் ஆகாது. எந்த விஷமானாலும் உப்புக் கரைத்து ஊற்றி வாந்தி எடுக்க வைக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். உப்பே நாய்க்கு விஷமாகும்.

மிச்ச மருந்தை எடுத்துப் புதைத்துவிட்டு, செத்த எலிகளைத் தேடி எடுத்து இரண்டடி ஆழத்தில் மூடி, அதன்பின் குறைந்தது ஒரு மாதம் நாயை வேட்டைக்கு எடுக்க வேண்டாம். பக்கத்து நிலத்துக்காரரிடமும் கேளுங்கள். எலிக்கு வரப்பு எல்லை தெரியாது. அவர் வைத்த மருந்தைத் தின்றது உங்கள் வரப்பில் வந்து சாகும். வளைக்குள் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை போட்டிருந்தால் அந்த வளையைத் தோண்டவும் கூடாது, நாய் முகரவும் கூடாது.

இப்போது லர்ச்சர். அது தனி இனம் அல்ல. கிரேஹவுண்ட், விப்பெட் போல கண்ணால் பார்த்து ஓடிப் பிடிக்கும் நாயை டெரியரோடோ, கோலி போன்ற மேய்ச்சல் நாயோடோ இணைத்து எடுக்கும் கலப்பு. வேகம் ஒரு பக்கத்திலிருந்தும், பிடிவாதமோ சொல்பேச்சோ மறு பக்கத்திலிருந்தும் வரும் என்பது கணக்கு. குட்டிக்குக் குட்டி வித்தியாசப்படும், காசு கொடுத்து எதை வாங்குகிறோம் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2004ஆம் ஆண்டின் வேட்டைச் சட்டம் நாயை விட்டு 'ஹேர்' என்ற காட்டு முயல், நரி, மான் பிடிப்பதைத் தடுத்தது. எலிக்கு விலக்கு கொடுத்தது. நிலத்துக்காரர் அனுமதியோடு அங்கே எலி வேட்டை நடப்பது அதனால்தான். அந்த வீடியோக்களை மறுபடி போட்டு, நாயை விட்டுவிட்டு மனிதர்களைப் பாருங்கள். இருவர் தோண்டுகிறார்கள் அல்லது வளைக்குள் புகை விடுகிறார்கள். குட்டைக்கால் டெரியர்கள் வளை வாயில் மூக்கை நுழைத்து நிற்கின்றன. லர்ச்சர் சற்று தள்ளி, தப்பி ஓடுவதைப் பிடிக்கக் காத்திருக்கிறது. நெட்டைக்கால் நாய்க்கு எலி வேட்டையில் உள்ள வேலை அவ்வளவே. அதை உங்கள் சிப்பிப்பாறை செய்யும், அதுவும் நம் வெயிலுக்குப் பழகிய உடம்போடு. புதிய நாய் வாங்க வேண்டாம். அந்தக் காசில் நல்ல மம்பட்டி இரண்டு வாங்குங்கள்.

ஆனால் மூன்று இடத்திலும் நாய் உதவாது. தென்னையில் குரும்பையையும் இளநீரையும் ஓட்டை போடுவது மரமேறும் எலி. கொண்டையிலேயே கூடு கட்டிக் கிடக்கும், ஓலைக்கு ஓலை தாவும். நாய் அண்ணாந்து பார்க்கத்தான் முடியும். தரையிலிருந்து இரண்டு மீட்டர் உயரத்தில் 40 செ.மீ. அகலத் தகரத்தை மரத்தைச் சுற்றி அடியுங்கள், பக்கத்து மர ஓலை உரசாதபடி கழியுங்கள். ஓலைகள் தொட்டுக்கொண்டிருந்தால் தகரம் வீண். கொட்டகையிலும் நாயை விடாதீர்கள். சிமெண்ட் தரையில் ஓடி வழுக்கினால் விரல் எலும்பு போகும். வலைக் குவியலில் கால் சிக்கும். தூண்டில் முள் வாயில் ஏறும். உப்புக் கருவாட்டை ஒரு வாய் அள்ளினால் வாந்தியும் அடங்காத தாகமும் வரும். கழித்துப் போட்ட பேத்தை மீன் கிடந்தால் உயிருக்கே ஆபத்து. கொட்டகைக்குத் தேவை அடைப்புதான்: கால் அங்குலத்துக்கு மேல் இடைவெளி இல்லாத கம்பி வலை, கதவின் அடியில் தகரப் பட்டை, தரையிலிருந்து இரண்டடி உயரப் பரண், மீன் கழிவை அன்றன்றே அப்புறப்படுத்துதல். இதைச் செய்யாமல் எந்த நாயும் பூனையும் உங்களைக் காப்பாற்றாது.

வயல்தான் நாய்க்கான இடம். அதிலும் எல்லாக் காலத்திலும் அல்ல. புரட்டாசியில் விதைத்துத் தை, மாசியில் அறுக்கும் நிலத்தில், பயிர் நிற்கும்போது சிப்பிப்பாறையை இறக்கினால் அதற்கு எதுவும் தெரியாது, பயிர்தான் மிதிபடும். அறுப்பு முடிந்து தாள் மட்டும் நிற்கும் மாசி, பங்குனியும், உழவுக்கு முன்னால் வரப்பு செதுக்கும் ஆவணியும் சரியான சமயம். அப்போது எலி முழுக்க வரப்பிலும் கண்மாய்க் கரையிலும் ஒதுங்கியிருக்கும், மறைவும் குறைவு.

எந்த எலி என்பதைப் பொறுத்தும் வேலை மாறும். கடலோர மணற்பாங்கில் வெள்ளெலி அதிகம். அதன் வளைக்குப் பல வாய்கள். அதோடு, மேல்மண் வரை வந்து நின்றுவிடும் ஒரு ரகசியப் பாதையும் இருக்கும். தோண்டியதும் மெல்லிய மண்ணை முட்டிக்கொண்டு, நீங்கள் எதிர்பார்க்காத இடத்தில் துள்ளிக் கிளம்பும். திறந்த வெளியில் தாவி ஓடும் இந்த எலிக்குத்தான் சிப்பிப்பாறை ஏற்ற நாய். களிமண் வரப்பைக் குடைந்து நெற்கதிரைச் சேர்த்து வைக்கும் அகழெலி, வளை வாயைத் தானே புதுமண்ணால் அடைத்துக்கொண்டு உள்ளே கிடக்கும், தோண்டாமல் வராது. வந்தாலும் நாலடி ஓடுவதற்குள் அடுத்த வளைக்குள் போய்விடும். பெருச்சாளி ஒரு கிலோ வரைகூட வளரும். மடக்கினால் திரும்பி நின்று கடிக்கும். முதல் தடவையே பெருச்சாளியிடம் மூக்கில் கடி வாங்கும் நாய் அப்புறம் எலி என்றாலே பின்வாங்கக்கூடும். தொடக்கத்தை வெள்ளெலியோடு வைத்துக்கொள்ளுங்கள்.

முந்தின நாள் சாயங்காலம் வரப்பிலுள்ள வளைகள் எல்லாவற்றையும் மண் போட்டு மிதித்து மூடுங்கள். விடிந்ததும் திறந்திருப்பவையும், மேலே புதுமண் கொட்டியிருப்பவையும்தான் எலி குடியிருக்கும் வளைகள். அவற்றுக்குக் குச்சி நட்டு எண்ணிக் குறித்துவையுங்கள். வேட்டையால் பலன் இருக்கிறதா என்று பின்னால் தெரிந்துகொள்ள இந்த எண்ணிக்கை ஒன்றே வழி. வாய் வழவழவென்று தேய்ந்து, புதுமண்ணும் புழுக்கையும் இல்லாமல் இருந்தால், அல்லது பாம்புச் சட்டை கிடந்தால், கை வைக்காதீர்கள். எலி வளையில் நல்லபாம்பும் கண்ணாடி விரியனும் இருக்கும். இந்த மணலில் சுருட்டை விரியனும் உண்டு. நாய் முகர்ந்துவிட்டு முடி சிலிர்த்துப் பின்னுக்கு வந்தால் அதன் பேச்சைக் கேளுங்கள்.

வரப்பின் இருபுறமும் ஆறேழு அடிக்குப் புல்லை வெட்டிவிடுங்கள். இந்த நாய் மோப்பத்தைவிடக் கண்ணை நம்பும். புல்லுக்குள் ஓடும் எலி அதற்கு இல்லாத எலிதான். இருபது, முப்பது அடி நீளத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒன்றிரண்டு வாய்களை விட்டுவிட்டு மற்றவற்றை மூட்டை மண்ணாலோ கல்லாலோ அடையுங்கள். தண்ணீர் ஊற்றி விரட்டும் முறை மணலில் எடுபடாது. குடம் குடமாக உறிஞ்சிக்கொள்ளும். தண்ணீரை விலைக்கு வாங்கும் ஊர்களில் அதை யோசனையாகச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. பானையில் வைக்கோல் புகை போடுவதும் கோடையில், வேலிக்கருவை காய்ந்து கிடக்கும் இடத்தில் வேண்டாம். தோண்டுவதே சரி.

நான்கு பேர் வேண்டும். இருவர் தோண்ட, ஒருவர் நாயைப் பிடிக்க, ஒருவர் பின்பக்கம் தடியோடு பார்க்க. நாயைப் பிடிப்பவர் வேறெதுவும் செய்யக் கூடாது. திறந்த வாயிலிருந்து எட்டு, பத்தடி தள்ளி, பக்கவாட்டில், தோண்டுபவருக்கு எதிரே வராமல் நிற்கட்டும். எலி வேட்டையில் நாய்க்கு வரும் மிக மோசமான காயம் எலியால் வருவதல்ல, மம்பட்டியால் வருவது. எலி வெளிவந்த நொடியில் நாய் தலையை நீட்டும், மேலே போன மம்பட்டி கீழே வரும். எனவே ஒரே விதி: மம்பட்டி உயர்ந்தால் நாய் வாரில் இருக்க வேண்டும், "விடு" என்று சொன்ன பிறகு யாரும் வெட்டக் கூடாது.

சாதாரணக் கழுத்துப்பட்டை இந்த நாய்களுக்குப் பொருந்தாது. தலை ஒல்லி, கழுத்து தடிமன். பின்னுக்கு இழுத்தால் உருவிக்கொள்ளும். இரண்டு அங்குல அகலத்தில், இழுத்தால் சற்றே இறுகும் பட்டை தையுங்கள். வாரை அதன் வளையத்தில் கோத்து இரு முனைகளையும் கையில் பிடித்தால், ஒரு முனையை விட்டதும் நாய் கிளம்பிவிடும். சிப்பிப்பாறை எலியைக் கவ்வி ஓர் உதறு உதறும், பெரும்பாலும் அதிலேயே முடிந்துவிடும். "விடு" என்றால் போட வேண்டும். தின்னவிடக் கூடாது, மருந்துக்காக மட்டுமல்ல, எலியிலிருந்து வரும் நோய்களுக்காகவும். பழகும்வரை ஒரு நாய்தான். இரண்டு நெட்டைக்கால் நாய்கள் ஒரே எலிக்கு முழு வேகத்தில் பாய்ந்து மோதினால் தோள் எலும்பு முறியும். எலியை இருபக்கமும் இழுக்கும்போது ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும். இவற்றின் தோல் மெல்லியது, அடியில் கொழுப்பு கிடையாது. மற்ற நாய்க்குக் கீறலாகும் கடி இதற்கு நாலு அங்குலக் கிழிசலாகும்.

ஓடும் பாதையை நீங்கள் முன்பே நடந்து பாருங்கள். வேலிக்கருவை முள் பாதத்தில் ஏறி உள்ளேயே ஒடிந்தால் சில நாளில் சீழ் பிடிக்கும். வடலிப் பனையின் கருக்குமட்டை ரம்பம் போல மார்பைக் கிழிக்கும். முள்கம்பி, சுவரில்லாத பாசனக் கிணறு, இவை இரண்டும் இருக்கும் பக்கம் நாயை விடவே வேண்டாம். பார்வை எலி மேல் பதிந்துவிட்டால் அது வேறெதையும் பார்க்காது. வேட்டை முடிந்ததும் விரல் இடுக்கு, நகம், ஈறு, கண், உதடு, அடிவயிறு என்று கையால் தடவிப் பாருங்கள். கடிபட்ட இடத்தை, ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஒன்றரைத் தேக்கரண்டி உப்புக் கலந்து நன்றாகக் கழுவி, நீர்த்த பொவிடோன் அயோடின் தடவுங்கள். பல் இறங்கிய ஓட்டை வெளியே சிறிதாக இருந்தாலும் உள்ளே சீழ் வைக்கும். அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். மஞ்சளை அப்பி மூடாதீர்கள். வலிக்கு நம் வீட்டு பாரசிட்டமால், டைக்ளோபினாக், இபுபுரூபன் எதையும் கொடுக்கக் கூடாது. தையல் போட மயக்கம் கொடுக்க வேண்டியிருந்தால், இது வேட்டைநாய் இனம் என்பதை மருத்துவரிடம் ஞாபகப்படுத்துங்கள். தயோபென்டோன் போன்ற மயக்கமருந்திலிருந்து கிரேஹவுண்ட் வகை நாய்கள் தெளிய அதிக நேரம் எடுக்கும்.

பாம்பு கடித்தால் கயிறு கட்டுவது, கீறுவது எதுவும் வேண்டாம். நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு கிளம்புங்கள். விஷமுறிவு மருந்து எந்த ஆஸ்பத்திரியில் இருப்பு உண்டு என்று வேட்டைக்கு முன்பே விசாரித்து வையுங்கள். கால்நடை உதவிக்கு 1962 என்ற எண்ணும் இருக்கிறது.

கடலோர வெயிலில் நாயைக் கொல்வது வெப்பத்தைவிடப் புழுக்கம். நாய் மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கிறது. காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் அது எடுபடாது. விடிந்ததும் தொடங்கி எட்டு மணிக்குள் முடியுங்கள். இருபது நிமிட வேலைக்குப் பத்து நிமிட நிழல், கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர். நாக்கு அகன்று தொங்கி, எச்சில் கட்டியாகி, நடை தள்ளாடினால் அது வெப்பத்தாக்கு. உடம்பு முழுக்கச் சாதாரணத் தண்ணீரை ஊற்றி, விசிறிக்கொண்டே கொண்டுபோங்கள். ஈரச் சாக்கைப் போர்த்தி விடாதீர்கள், சூடு உள்ளேயே தங்கும். வேட்டைக்கு முந்தைய நான்கு மணி நேரம் தீனி கூடாது. ஆழமான மார்புள்ள நாய்களுக்கு நிறைந்த வயிற்றோடு ஓடினால் வயிறு முறுக்கிக்கொள்ளும் அபாயம் உண்டு. முடிந்து, மூச்சு நிதானப்பட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் போடுங்கள்.

முயலை விட்டுப் பழக்கும் பேச்சுக்கு ஒரே பதில்: கூடாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முயல் பாதுகாக்கப்பட்ட பிராணி. நாயை விட்டு விரட்டுவதே வேட்டையாகக் கருதப்படும். கீரி, உடும்பு, சாரைப்பாம்பு, மயில் எல்லாவற்றுக்கும் இதுவேதான். இதில் கீரியும் சாரையும் உங்களுக்குச் சம்பளமில்லாமல் எலி பிடிப்பவை. சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் போன்ற பறவைச் சரணாலயக் கண்மாய்களின் பக்கம் நாயைக் கூட்டிப் போகவே வேண்டாம். எலியைக் கூண்டில் பிடித்துவந்து கூட்டம் கூட்டி நாய் முன் திறந்துவிடும் வேடிக்கையும் 1960ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சட்டத்தை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும், முயலை விரட்டிப் பழகிய நாய் எலி வேட்டைக்குக் கெட்டுப்போகும். தூரத்தில் அசையும் எதையும் துரத்தக் கிளம்பிவிடும். காலடியில் எலி போனாலும் தெரியாது. அடுத்து அது துரத்துவது ஆட்டுக்குட்டியாக இருக்கும். அறுத்த வயலில் கிடை போட்டிருக்கும் ராமநாதபுரம் வெள்ளை ஆட்டு மந்தைக்குள் ஒருமுறை புகுந்தால் ஊர்ப் பகையும் சேர்ந்து வரும்.

பழக்குவதற்கு ஐந்தடி மூங்கில் கம்பு, ஆறடிக் கயிறு, நுனியில் பழந்துணி போதும். துணியைத் தரையோடு இழுத்து நிறுத்தி, "பொறு" என்றால் நிற்க, "எடு" என்றால் பாய, "விடு" என்றால் போட. தினம் ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம், சலித்துவிடும். முப்பதடிக் கயிற்றில் கட்டி, கூப்பிட்டால் வரும் பழக்கத்தை ஆடு, கோழி இருக்கும் இடத்திலேயே செய்யுங்கள். கயிறில்லாமல் பத்துக்குப் பத்து தடவை திரும்பி வரும்வரை வயலில் அவிழ்க்காதீர்கள்.

எலிக்காய்ச்சல் தடுப்பூசி சேர்ந்த கூட்டு ஊசி இல்லாமல் நாயை இந்த வேலைக்கு எடுக்கவே கூடாது. இதுவரை போடவில்லை என்றால் மூன்று, நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி, பின் ஆண்டுதோறும். ரேபிஸ் ஊசி எப்படியும் உண்டு. எலிச் சிறுநீரில் வரும் இந்தக் கிருமி கடல் உப்பில் நெடுநாள் நிற்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தேங்கும் நன்னீரில் நிற்கும். காய்ச்சல், வாந்தி, கண்ணில் மஞ்சள், சிறுநீர் குறைதல் தெரிந்தால் தாமதிக்காதீர்கள். தோண்டுபவர்களுக்கும் இதே நோய் வரும். காலில் புண் இருந்தால் அன்று தோண்ட வேண்டாம். செத்த எலியைக் கையுறையோடு எடுங்கள்.

ஒரு காலையில் வரப்பு காலியாகிவிடாது. எலிக்கு மூன்று வாரம் சினை, ஓர் ஈற்றுக்கு ஐந்து முதல் பத்துக் குட்டி. அதனால் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை, வளை மூடி எண்ணும் சோதனையோடு, மூன்று நான்கு சுற்றாவது போக வேண்டும். பக்கத்து நாலைந்து நிலத்துக்காரரும் அதே வாரத்தில் இறங்கினால்தான் எண்ணிக்கை குறையும். தோண்டிய வரப்பை மறுபடி கட்டும்போது ஓர் அடிக்கு மேல் அகலமும் உயரமும் வைக்காதீர்கள். தடித்த வரப்புதான் அகழெலி வீடு கட்டத் தோதானது.

கன்னிக் குட்டியை இந்த வருஷம் எதற்கும் இழுக்க வேண்டாம். எலும்பு முற்றப் பன்னிரண்டு முதல் பதினைந்து மாதம் ஆகும். அதற்குள் கடுமையாக ஓடவிட்டால் கால் கோணும். தானாக விளையாடி ஓடட்டும், துணிக் கம்பைக் காட்டலாம், பெரிய நாய் வேலை செய்வதைக் கயிற்றில் நின்று பார்க்கலாம். விலா எலும்பு இரண்டு மூன்று தெரிகிறது என்று சோற்றைக் கூட்டிவிடாதீர்கள், இந்த இனத்துக்கு அதுதான் அளவு. ஊசி அட்டையோடு அடுத்த மாதம் இரண்டையும் பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோய், குடற்பூச்சி மருந்தையும் சேர்த்துக் கொடுத்து வாருங்கள்.